கியர்பாக்ஸ் கோளாறு உள்ள பழைய காரை வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"இன்ஜின் அருமை, பாடி அருமை, கியர்பாக்ஸில்தான் ஒரு சின்ன வேலை இருக்கிறது" என்று சொல்லி விலையைக் குறைத்துத் தரும் கார்களை, நண்பர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை வாங்கச் சொன்னேன், பெரும்பாலானவற்றை வேண்டாம் என்றேன். ஏமாந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். முதலில் காரைப் பார்த்தார்கள், பழுதுச் செலவைப் பிறகு விசாரித்தார்கள். கார் மனதுக்குப் பிடித்துவிட்டால், அதன்பின் மெக்கானிக் சொல்லும் எந்தத் தொகையும் சமாளிக்கக் கூடியதாகவே தோன்றும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. கிளம்பும் முன்: அந்தக் காரில் இருப்பது எந்த வகை?

"ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. இன்ஜின் விசையை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக், பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடி, இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச், மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் கொண்டு மாற்றும் ஏஎம்டி. ஒன்றில் கோளாறாகத் தெரிவது இன்னொன்றில் அதன் இயல்பாக இருக்கும்.

உதாரணத்துக்கு, ஏஎம்டி கார் கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விட்டு, தலை முன்னால் அசையும். அது அந்த வகையின் குணம். அதே அசைவு டார்க் கன்வெர்ட்டர் காரில் வந்தால் கவலைப்பட வேண்டும். பழுதுச் செலவும் வகைக்கு வகை மாறும். மேனுவலில் கிளட்ச் பிளேட் தேய்வது டயர் தேய்வது போன்றது, பயப்பட ஒன்றுமில்லை. சிவிடியில் பெல்ட் நழுவி புல்லியில் கீறல் விழுந்தால், பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள்.

மாடல், ஆண்டு, இன்ஜின் மூன்றையும் கேட்டு வாங்கி, அதில் எந்த கியர்பாக்ஸ் வந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு கியர்பாக்ஸ் மாறியிருக்கும். கூடவே 17 இலக்க சேசிஸ் எண்ணையும் வாங்கி, அந்தக் காருக்கு கம்பெனி ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கியர்பாக்ஸ்களின் தொந்தரவு ஊரறிந்தது. 2011 முதல் 2016 வரை வந்த ஃபோர்டு ஃபியஸ்டாவிலும், 2012 முதல் 2016 வரை வந்த ஃபோகஸிலும் இருந்த ட்ரை (ஆயிலில் நனையாத) டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் அமெரிக்காவில் நீதிமன்ற வழக்கு வரை போய் சமரசத்தில் முடிந்தது. இப்படிப்பட்ட வரலாறு உள்ள யூனிட் என்றால், விற்பவர் சொல்லும் "சின்ன வேலை"யை நம்புவதற்கு இன்னும் அதிக ஆதாரம் வேண்டும்.

2. மிக மோசமான செலவை முதலில் கேட்டு எழுதி வையுங்கள்

காரைப் பார்க்கும் முன்பே, கியர்பாக்ஸ் வேலை தெரிந்த இரண்டு மெக்கானிக்குகளிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த மாடலில் கியர்பாக்ஸ் முழுதாகப் போய்விட்டால், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?"

"எல்லாம் சேர்த்து" என்பதை அழுத்திக் கேளுங்கள். புதியவர்கள் யூனிட் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருவார்கள். இறக்கி ஏற்றும் கூலி, ஆயில், ஃபில்டர், சீல்கள், டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைச் சுத்தம் செய்வது, சில கார்களில் கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்வது எல்லாம் தனித்தனியாக வந்து சேரும். பழைய யூனிட் உடைந்து உதிர்ந்த இரும்புத் தூள் கூலரில் தங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் கெடும். எனவே கூலர் செலவை விடக் கூடாது.

மூன்று வழிகளுக்கும் விலை கேளுங்கள்: பிரித்து ஓவர்ஹால் செய்வது, வாரன்டியோடு ரீகண்டிஷன் யூனிட் வாங்குவது, கழித்துப்போட்ட காரிலிருந்து எடுத்த பழைய யூனிட் மாட்டுவது. மூன்றாவதுதான் மலிவு. ஆனால் அதன் நிலை யாருக்கும் தெரியாது, மாட்டி ஓட்டினால்தான் தெரியும். அது கெட்டுப்போனால் இறக்கி ஏற்றும் கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். நான் கணக்குக்கு எப்போதும் முதல் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன்.

3. போனிலேயே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, கோளாறு எப்போது வருகிறது: குளிரிலா, சூடான பிறகா, எந்த கியரில்? அடுத்து, யாரிடம் காட்டினார்கள், என்ன சொன்னார்கள், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

"வெறும் சென்சார்தான்", "ஆயில் மாற்றினால் சரியாகிவிடும்" என்று சொன்னால், அப்படியானால் ஏன் மாற்றிவிட்டு நல்ல விலைக்கு விற்கவில்லை என்று மரியாதையாகக் கேளுங்கள். சிலரிடம் நேர்மையான பதில் இருக்கும்: ஊர் மாறுகிறார், நேரமில்லை, கையில் பணமில்லை. பதில் மழுப்பலாக வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று: "நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த படிகளில் தெரியும். கையில் ஒரு டார்ச், வெள்ளை டிஷ்யூ காகிதம், காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கத் தெரிந்தது), ஒரு நோட்டு இருந்தால் போதும்.

4. போனவுடன்: பானெட்டைத் தொடுங்கள்

சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். வேறு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். இதைச் சொல்லத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆட்டோமேட்டிக்கில் கோளாறு இரண்டு முனைகளில் தலைகாட்டும். ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிப் போயிருந்தால், குளிரில் கியர் தாமதமாக விழும், சூடானதும் சீல் இளகிச் சரியாகிவிடும். பம்ப்போ உள் சீல்களோ தேய்ந்திருந்தால், சூட்டில் ஆயில் நீர்த்து அழுத்தம் கசிந்து நழுவும், குளிரில் நன்றாக இருக்கும். ஒரு முனையை மட்டும் பார்த்தவருக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

5. ஆயிலைப் பாருங்கள்

டிப்ஸ்டிக் (கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள காரென்றால் ஒரு சொட்டை டிஷ்யூவில் விடுங்கள். பல ஆட்டோமேட்டிக் ஆயில்கள் புதிதில் சிவப்பாக இருக்கும். பழுப்பு என்றால் பழசு, அதனாலேயே பயப்பட வேண்டாம். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சீவல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பால் கலந்த ஸ்ட்ராபெரி நிறத்தில் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. கூலன்ட் பட்டால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் உரிந்துவரும். ரேடியேட்டரை மாற்றி ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். அந்த நிலையில் உள்ள கியர்பாக்ஸை முழு ஓவர்ஹாலாகவே கணக்கிடுங்கள்.

புதியவர்கள் கவனிக்காத ஒன்று: கோளாறு இருக்கிறது என்று சொல்லி விற்கும் காரில் ஆயில் பளிச்சென்று புதிதாக இருந்தால், அது நல்ல சகுனம் இல்லை. ஆயில் மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எளிய வழி ஏற்கெனவே தோற்றுவிட்டது.

"இது ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாத ஆயில்" என்று சொன்னால், அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல கார்களில் இருக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றப் பரிந்துரைக்கிறது.

டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் இதை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். 9-ஆம் படிக்குத் தள்ளி வையுங்கள்.

6. குளிரில் நின்ற இடத்திலேயே செய்யும் சோதனை

ஆட்டோமேட்டிக்கில் ஸ்டார்ட் செய்து ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) கீழே இறங்கும்வரை காத்திருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு பி-யிலிருந்து (பார்க்) ஆர் (ரிவர்ஸ்), பிறகு என் (நியூட்ரல்), பிறகு டி (டிரைவ்). ஒவ்வொன்றிலும் கியர் விழும் மெல்லிய அசைவை உணர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஒரு நொடிக்குள் விழுந்தால் நல்லது. இரண்டு நொடிக்கு மேல் போனால் உள்ளே அழுத்தம் ஏறவில்லை. தடாலென்று இடித்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேனுவலில் நியூட்ரலில் வைத்துக் காதைக் கொடுங்கள். கிளட்ச் பெடலை விட்டிருக்கும்போது இரைச்சல் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், அது கிளட்ச் செலவோடு போய்விடும். முன்னதற்கு கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் அதிகம், சோதனை அரை நிமிடம்தான்.

ரிவர்ஸில் "கர்ர்" என்றதும் பயந்துவிடாதீர்கள். பல மேனுவல் கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சத்தமில்லாமல் சேர்க்கும் பாகம்) கிடையாது. கிளட்சை மிதித்து மூன்று நான்கு நொடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் கர்ரென்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

7. ஓட்டிப் பாருங்கள், குறைந்தது 40 நிமிடம்

பத்து நிமிட ஓட்டத்தில் இன்ஜின் சூடாகும், கியர்பாக்ஸ் ஆயில் சூடாகாது. அதனால்தான் 40 நிமிடம். ரேடியோவை அணைத்துவிடுங்கள். விற்பவர் பேசிக்கொண்டே வந்தால், கொஞ்ச நேரம் அமைதியாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்: மெதுவாக மிதித்து ஒவ்வொரு கியராக ஏற விடுங்கள், கண் ஆர்பிஎம் முள்ளில் இருக்கட்டும். கியர் மாறும்போது முள் கீழே இறங்க வேண்டும். இறங்கும் முன் ஒரு துள்ளு மேலே போனால், ஒரு கிளட்ச் விட்டு அடுத்தது பிடிக்கத் தாமதமாகிறது என்று பொருள். பிறகு 60 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி சீராகப் போங்கள். சாலையில் வரிசையாகக் கோடு போட்ட மேடுகள் மீது போவது போல் ஒரு நடுக்கம் வந்தால், ஆக்ஸிலேட்டரை விடாமல் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள் (பின்னால் வண்டி இல்லாதபோது). சீரான வேகத்தில் கன்வெர்ட்டரை நழுவாமல் பூட்டிவைக்க உள்ளே லாக்-அப் கிளட்ச் ஒன்று இருக்கிறது; பெரும்பாலான கார்களில் பிரேக்கைத் தொட்டதும் அந்த லாக் விடுபடும். நடுக்கமும் உடனே நின்றால் காரணம் அந்த லாக்-அப் கிளட்ச்தான். நிற்காவிட்டால் இன்ஜின் மிஸ்ஃபயர், டயர், ஆக்ஸில் பக்கம் தேட வேண்டும். லாக்-அப் நடுக்கம் சில சமயம் சரியான ஆயில் மாற்றினாலே தணியும். கியர்பாக்ஸ் கோளாறுகளில் நான் ஓரளவு துணிந்து வாங்கச் சொல்லும் வகை இது.

கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டு போனால், கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகக் கியரைப் பூட்டியிருக்கிறது. அது சின்ன வயர் கோளாறாகவும் இருக்கலாம், உள்ளே நொறுங்கியதாகவும் இருக்கலாம். ஸ்கேனர் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.

மேனுவல்: நான்காவது கியரில் 50-க்குப் பக்கத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கர்ரென்றால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட்டுப் பாருங்கள். இப்படிப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் சிங்க்ரோதான். ஒவ்வொரு கியரிலும் ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று விட்டுப் பாருங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே தேய்மானம் அதிகம்.

சிவிடி: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறல், சீரான வேகத்தில் ஆர்பிஎம் முள் ஊசலாடுவது, வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம். ஊளை வந்துவிட்ட சிவிடியை இதுவரை யாருக்கும் நான் வாங்கச் சொன்னதில்லை.

டூயல் கிளட்சும் ஏஎம்டியும்: நெரிசலில் ஊர்ந்து செல்லும் வேகத்தில்தான் இவற்றைச் சோதிக்க வேண்டும். ட்ரை கிளட்ச் வகை அந்த ஓட்டத்தில்தான் சூடேறும், உதறலும் அங்கேதான் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏஎம்டி தானாக நியூட்ரலுக்குப் போனால், பேரம் பேசுவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பத்திரமாக ஓரம் கட்டுங்கள்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட்டைச் சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். செய்யாதீர்கள். சில நொடிகளில் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறும், அரை உயிரில் இருக்கும் கியர்பாக்ஸ் உங்கள் கையில் முடிந்துபோகும்.

8. சூடான பிறகு மறுபடி முதலிலிருந்து

திரும்பி வந்ததும் இன்ஜினை அணைக்காமல் 6-ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஒரு சரிவில் ரிவர்ஸில் மேலே ஏறிப் பாருங்கள். சமதரையில் பிடிக்கும் ரிவர்ஸ், சூட்டில் சரிவு ஏறும்போது கைவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். முன் கியர்கள் எல்லாம் நன்றாக வேலை செய்ததால் அதை வாங்கியவர் ரிவர்ஸைச் சோதிக்கவே இல்லை.

அதே சரிவில் பி-யில் போட்டு, காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு மெல்ல விடுங்கள். ஒரு சிறு அசைவோடு கார் பிடித்து நிற்க வேண்டும்.

9. மெக்கானிக்கோடு: ஸ்கேனர், லிஃப்ட்

இதற்கு ஆகும் கட்டணத்தை நீங்களே கொடுங்கள், உங்கள் மெக்கானிக்காகவே இருக்கட்டும். விற்பவரின் மெக்கானிக்குக்கு உங்களைக் காப்பாற்ற வேண்டிய கடமை இல்லை.

மலிவான ஸ்கேனர்கள் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும். அதில் பி0700 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால், "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்று மட்டுமே அர்த்தம். அதை ஒரு கோளாறாகவே எடுத்துக்கொண்டு சென்சார் மாற்றிய புதியவர்கள் உண்டு. உள்ளே போய்ப் படித்தால் பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்று சொல்லும், அதாவது எங்கோ நழுவுகிறது. பி0741 லாக்-அப் கிளட்ச் பக்கம் காட்டும். பி0715 இன்புட் வேகச் சென்சாரின் சர்க்யூட், இது கியர்பாக்ஸைப் பிரிக்காமல் வெளியிலேயே முடிய வாய்ப்புள்ளது.

கோடு எதுவுமே இல்லை என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பல கார்களில் ஸ்கேனர் காட்டும். சோதனைகள் முடியாமல் நிலுவையில் இருப்பதும் தெரியும். நேற்றுதான் அழித்திருக்கிறார்கள் என்றால் "கோடு இல்லை" என்பதற்கு மதிப்பில்லை.

லிஃப்டில் ஏற்றியதும் கசிவு, நசுங்கிய ஆயில் பேன், கூலர் குழாய்கள், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டுகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டி-யில் போடும்போது வரும் "தொம்" சத்தம் கிழிந்த மவுன்ட்டால் வந்ததாக இருக்கலாம். திருப்பும்போது வரும் "டக் டக்" ஆக்ஸில் ஜாயின்ட். வேகத்தோடு கூடும் இரைச்சல் வீல் பேரிங்காகவும் இருக்கும். பலவீனமான பேட்டரிகூட கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைக் குழப்பும். உங்களுக்கு உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது: விற்பவர் கியர்பாக்ஸ் என்று நம்பி விலை குறைத்த காரில், கோளாறு வெளியே இருப்பது.

விற்பவர் அனுமதித்தால் ஆயில் பேனைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். துண்டும் சீவலுமாக இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

10. இப்போது கணக்கு

கோளாறே இல்லாத அதே மாடல், அதே ஆண்டுக் காரின் சந்தை விலையை 100 என்று வையுங்கள். 2-ஆம் படியில் எழுதிய மோசமான செலவு 40 என்று கொள்வோம். அதில் கால் பங்கு, அதாவது 10, எதிர்பாராததற்கு. டயர், பிரேக் போன்ற மற்ற வேலைகள் 8. மீதி 42. அதுதான் உங்கள் உச்ச விலை.

விற்பவர் 70 கேட்பார். வாங்குபவருக்கு "30 குறைவு" என்று தோன்றும். கணக்குப்படி அவர் 28 அதிகம் கேட்கிறார். பழுது பார்த்து முடித்தாலும் கார் 100 மதிப்புதான், அதற்கு மேல் போகாது.

மோசமான செலவுக்குப் பதில் சிறிய செலவை வைத்துக் கணக்குப் போடலாமா? ஒரே ஒரு நிலையில் போடலாம்: ஓட்டும்போது கண்ட அறிகுறி, ஸ்கேனர் கோடு, ஆயிலின் நிலை மூன்றும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். இரண்டு ஒத்து ஒன்று முரண்பட்டாலும் பழைய 40-க்கே திரும்புங்கள். உதாரணமாக, கோடு சென்சார் என்கிறது, ஆனால் ஆயில் கருகியிருக்கிறது. ஆயிலை நம்புங்கள்.

தினமும் வேலைக்குப் போக இந்த ஒரு கார்தான் என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். யூனிட்டுக்கும் பாகத்துக்கும் காத்திருக்கும் வாரங்களை உங்களால் தாங்க முடியாது. ஓட்டிப் பார்க்க விடாத கார், பால் நிற ஆயில், இரும்புச் சீவல், ஊளையிடும் சிவிடி ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

11. பேரம்

உங்கள் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் ஸ்கேனர் அறிக்கையையும் காட்டுங்கள். காரைக் குறை சொல்ல வேண்டியதில்லை, காகிதமே பேசும். "நானே சரிசெய்து தருகிறேன், முழு விலை கொடுங்கள்" என்று விற்பவர் சொன்னால், வேலையை உங்கள் மெக்கானிக்கிடம் செய்து, வாரன்டி உங்கள் பெயருக்கு வருமாறு கேளுங்கள். விற்பதற்காகச் செய்யும் பழுதில் மலிவான வழியே தேர்ந்தெடுக்கப்படும்.

உச்ச விலைக்கு மேல் போனால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சில வாரங்கள் விற்காமல் நின்றால் அவரே அழைப்பார்.

12. வாங்கிய பிறகு முதல் வேலை

நழுவும் காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு நழுவலிலும் கிளட்ச் தட்டு எரிகிறது, வெறும் ஆயில் அழுத்தக் குறைபாடு போகும் வழியிலேயே முழு ஓவர்ஹாலாக மாறும். ஆட்டோமேட்டிக்கை இழுத்து வருவதென்றால் இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் போகாது. நான்கு சக்கரமும் மேலே இருக்கும் பிளாட்பெட் லாரிதான் பாதுகாப்பு.

ஆயில் மாற்றும்போது அந்த கியர்பாக்ஸுக்கு என்று குறிப்பிட்ட ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள், முக்கியமாக சிவிடியில். "எல்லாம் ஒன்றுதான்" என்று சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் பிடிமானம் போகும். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரின் பழைய பழக்கங்களை அழித்துப் புதிதாகக் கற்கவிட வேண்டிய கார்களில் அதையும் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நாள் கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாக மாறினால் அது கற்றுக்கொள்வதுதான். 1,000 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி லிஃப்டில் ஏற்றி, கசிவையும் ஆயில் அளவையும் பார்த்து, ஸ்கேனரில் இன்னொரு முறை படித்து, முதல் அறிக்கையோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.